விழுந்துட்டேன்னு சொல்லுங்க

எனக்கு வாய் நீளம். எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். குழாயடியில் குடம் வரிசை மாறினாலும் சரி, கம்பெனியில் மேஸ்திரி ஒரு வார்த்தை கூடப் பேசினாலும் சரி, பதில் தயாராக இருக்கும். ஆனால் இந்த வாய்க்கும் ஒரு கட்டுப்பாடு உண்டு. ஆகாத சொல் எதையும் அது சொல்லாது, மற்றவர்களையும் சொல்ல விடாது. கடைக்குக் கிளம்புகிறவர் 'போறேன்' என்றால் நிறுத்தி வைத்து 'போயிட்டு வரேன்' என்று சொல்ல வைத்துத்தான் அனுப்புவேன். விளக்கை அணைத்தேன் என்று சொல்ல மாட்டேன், குளிர வைத்தேன் என்பேன். தாலிக் கயிறு அறுந்தால் பெருகிடுச்சு என்போம். வீட்டில் அரிசி இல்லை என்று ஒருநாளும் சொன்னதில்லை, அரிசி வாங்கணும் என்றுதான் சொல்வேன். கெட்ட சொல்லை உள்ளே விடாவிட்டால் கெட்டதும் உள்ளே வராது என்று நம்பி வளர்ந்தவள் நான். அந்த நம்பிக்கைதான் என் வீட்டுக்காரரைக் கட்டிலில் போட்டது. போன்தான் போட்டது என்று ஊர் சொல்கிறது. நானும் இத்தனை நாள் ஊரோடு சேர்ந்து தலையாட்டிக்கொண்டிருந்தேன்.

விருத்தாசலத்தில் செராமிக் கம்பெனிகள் இருக்கிற பக்கம் எங்கள் வீடு. அவருக்குச் சூளையில் வேலை. எனக்கு வேறொரு கம்பெனியில் பொம்மை ஃபினிஷிங். அச்சிலிருந்து எடுத்த, இன்னும் சுடாத பச்சைப் பொம்மையின் இரண்டு பக்கமும் ஒட்டுத் தழும்பு இருக்கும். அதைக் கத்தியால் சுரண்டி, ஈர ஸ்பாஞ்சால் துடைத்து, தழும்பு தெரியாமல் ஆக்க வேண்டும். ஒருநாளைக்கு நூறு பிள்ளையார் என் கையில் முகம் கழுவிப் போவார். வீட்டுக்காரருக்கு எட்டு மணி நேரமும் சூளையின் மீட்டரைப் பார்த்துக்கொண்டிருக்கும் வேலை. முன்பு விறகு தள்ள, வண்டி தள்ள என்று நாலு பேர் கூட இருந்தார்களாம். கேஸ் சூளை வந்த பிறகு அவர் ஒருத்தர்தான். எட்டு மணி நேரம் யாரோடும் பேசாமல் இருந்து பழகி, வீட்டுக்கு வந்தும் பேச மாட்டார். கல்யாணமான இருபத்திரண்டு வருஷத்தில் என் பேரைச் சொல்லி அவர் கூப்பிட்டதில்லை. 'இந்தா' என்பார். அது ஒன்றுதான் எனக்கு அவர் வைத்த பேர். இந்தா, சோறு போடு. இந்தா, சட்டை எங்க. உலகத்தில் வேறு யாரையும் அவர் இந்தா என்று கூப்பிட்டு நான் கேட்டதில்லை.

ஊரடங்கு சமயத்தில் மகளுடைய ஆன்லைன் வகுப்புக்காக ஒரு நல்ல போன் வீட்டுக்கு வந்தது. கம்பெனி மூடிக் கிடந்தது. மீட்டர் பார்த்துப் பழகிய கண்ணுக்குப் பார்க்க ஒன்றுமில்லாமல் மனுஷன் வீட்டுக்குள் சுற்றிச் சுற்றி வந்தார். மகள்தான் பாவப்பட்டு அந்த விளையாட்டை அவருக்குக் காட்டிக் கொடுத்தாள். ஏரோப்ளேனிலிருந்து நூறு பேர் ஒரு தீவில் குதிப்பார்கள். கிடைத்த வீட்டிலெல்லாம் புகுந்து துப்பாக்கி பொறுக்கிக்கொண்டு ஒருத்தரை ஒருத்தர் சுட்டுத் தள்ள வேண்டும். கடைசியில் நிற்கிற கூட்டம் ஜெயித்ததாகக் கணக்கு. இதில் என்ன இருக்கிறது என்று எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை. மகள் படிப்பு முடித்து சென்னைக்கு வேலைக்குப் போனாள். போகும்போது பழைய போனை அவருக்கே விட்டுவிட்டுப் போனாள்.

முதல் முதலில் அவர் அறைக்குள்ளிருந்து "நாக்கு ஆயிட்டேன், நாக்கு ஆயிட்டேன்" என்று கத்தியபோது, நாக்கைக் கடித்துக்கொண்டாரோ என்று சொம்பில் தண்ணீரோடு ஓடினேன். அடிபட்டு விழுவதற்கு இங்கிலீஷில் நாக் என்று பேராம். விழுந்தவர் உடனே செத்துவிட மாட்டார். தவழ்ந்துகொண்டு கிடப்பார். கூட விளையாடுகிறவர் ஓடிவந்து பக்கத்தில் உட்கார்ந்து தூக்கிவிட்டால் எழுந்துவிடலாம். நேரத்தில் வராவிட்டால் ஆள் காலி. இதையெல்லாம் அவர் எனக்கு விளக்கிச் சொன்னார். அவர் அவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. சொம்புத் தண்ணீரை நானே குடித்துவிட்டு வந்தேன்.

அந்த விளையாட்டு ஊரையே பிடித்திருந்தது. பஸ் ஸ்டாண்டில் பஸ்ஸுக்கு நிற்கிறவர்களின் கட்டைவிரல்கள் மட்டும் ஆடிக்கொண்டிருக்கும். எங்கள் கம்பெனியில் சாப்பாட்டு நேரத்தில் ஆம்பளைகள் வட்டமாக உட்கார்ந்திருப்பார்கள், பேச்சு இருக்காது. மேஸ்திரி வந்தால் "எனிமி வர்றான்" என்பார்கள். என் சொந்தத்தில் ஒரு கருமாதி வீட்டில் பந்தலுக்குள் உட்கார்ந்து இரண்டு பேர் சுட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். நன்றாகத் திட்டிவிட்டு வந்தேன். மற்றவர்கள் என்னைத்தான் ஒரு மாதிரி பார்த்தார்கள்.

ஆனால் என் எரிச்சல் வேறு. இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. என் வீட்டுக்காரர் சிரிக்க ஆரம்பித்திருந்தார். வேப்பூரில் ஹைவே ஓட்டல் ஒன்றில் பரோட்டா மாஸ்டராக இருக்கிற ஒருத்தர் அவருக்கு விளையாட்டில் கூட்டாளி. முப்பது வயது இருக்கலாம். நேரில் பார்த்ததே இல்லை. காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு 'தம்பி, தம்பி' என்று அவரோடு இவர் பேசுகிற பேச்சு இருக்கிறதே, எனக்கு வயிறு எரியும். சூளையில் என்ன சூடு, முதலாளி என்ன சொன்னார், சின்ன வயதில் மணிமுத்தாற்றில் எப்படி விழுந்தார், எல்லாம் சொல்வார். ஆற்றில் விழுந்த கதை எனக்கே தெரியாது. நான் கதவுக்கு இந்தப் பக்கம் வெங்காயம் உரித்துக்கொண்டு கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன். அது மட்டுமா, குண்டு தீர்ந்துபோனால் தன்னுடையதைக் கொடுப்பார் போலிருக்கிறது. "இந்தா, புடி தம்பி, இந்தா" என்பார். என் பேரை எடுத்து யாருக்கோ கொடுக்கிறாரே என்று மனசுக்குள் கறுவிக்கொண்டேன். இந்தா என்றால் வாங்கிக்கொள் என்றும் அர்த்தம் உண்டு என்று எனக்குத் தெரியாதா என்ன. தெரிந்தும் கோபம் வந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை விளக்கு வைக்கிற நேரம். நான் சாமி மாடத்தில் திரி போட்டுக்கொண்டிருந்தேன். உள்ளே இருந்து அவர் சத்தமாக, "போச்சு தம்பி, நான் செத்துட்டேன்" என்றார். சொல்லி வாய் மூடவில்லை, சுவரில் பல்லி கத்தியது. நல்லதைச் சொல்லும்போது பல்லி கத்தினால் நல்லது பலிக்கும். இதைச் சொல்லும்போது கத்தினால் என்ன செய்வது. தீப்பெட்டியை அப்படியே போட்டுவிட்டு உள்ளே போனேன்.

"வெள்ளிக்கெழமை அதுவுமா வௌக்கு வெக்கிற நேரத்துல என்னா பேச்சு பேசறீங்க? வாயக் கழுவுங்க மொதல்ல."

"வெளாட்டுல சொன்னன்."

"வெளாட்டு என்னா வெளாட்டு. பல்லி கத்துச்சு, கேட்டீங்களா இல்லியா? காதுலதான் ஒயர மாட்டிக்கிட்டு இருக்கீங்களே, எங்க கேக்கும்."

"அதுக்கு என்னா பண்ணச் சொல்ற?"

"அந்த வார்த்தை இந்த வூட்டுல கேக்கக் கூடாது. அடிபட்டாலும் சரி, குண்டு பாஞ்சாலும் சரி, வுழுந்துட்டேன்னு சொல்லுங்க. அவ்ளோதான்."

"வுழுறது வேற, சாவறது வேற."

"எனக்கு ரெண்டும் ஒண்ணுதான். வுழுந்துட்டேன்னு சொல்லுங்க. இல்லன்னா போன கெணத்துல போட்ருவேன்."

அவர் எழுந்துபோய் வாய் கொப்பளித்துவிட்டு வந்தார். அன்றையிலிருந்து அவர் அந்தச் சொல்லைச் சொன்னதே இல்லை. தவறிக்கூட. எந்தச் சண்டையில் என் பேச்சைக் கேட்காவிட்டாலும் இதில் கேட்டார். சுட்டாலும் விழுந்துட்டேன், மேலிருந்து குதித்துக் கால் போனாலும் விழுந்துட்டேன், ஆட்டமே முடிந்தாலும் விழுந்துட்டேன். "வுழுந்துட்டேன், வந்து தூக்கு தம்பி." ஒரு நாளைக்கு இருபது தடவை இதைக் கேட்டேன். ஆறு மாதத்தில் அது மின்விசிறிச் சத்தம் போல ஆகிவிட்டது. காதில் படும், மனசில் ஏறாது. பக்கத்து வீட்டுப் பெண் ஒருநாள் வந்திருந்தபோது திடுக்கிட்டு, "அண்ணன் வுழுந்துட்டாராமே" என்றாள். நான் சிரித்துக்கொண்டே, "அவரு தெனம் வுழுவாரு, நீ காப்பியக் குடி" என்றேன்.

இனிமேல் சொல்லப் போவது ஒரு ஞாயிற்றுக்கிழமையில் நடந்தது.

காலையிலிருந்தே எங்களுக்குள் சரியில்லை. பின்பக்கக் குழாய் ஒரு வாரமாக ஒழுகிக்கொண்டிருந்தது. புதுக் குழாய் வாங்கி வந்து வைத்திருந்தார், மாட்டவில்லை. ஒன்பது மணிக்குக் கேட்டேன், "இந்த ஒரு மேட்ச் முடியட்டும்" என்றார். பத்து மணிக்குக் கேட்டேன், அதே பதில். பிரஷர் மாத்திரை போட்டீங்களா என்று கேட்டதற்கும் அதே பதில். மாத்திரைக்கும் மேட்ச்சுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன். அறைக் கதவைச் சாத்திக்கொண்டார். சரி, எக்கேடோ கெட்டுப் போங்க என்று சொல்லிவிட்டு நான் பின்பக்கம் வந்து துணி துவைக்க உட்கார்ந்தேன். ஆகாத சொல் பேச மாட்டேன் என்று சொன்னேன் அல்லவா. கோபம் வந்தால் எனக்கு மட்டும் அந்தச் சட்டம் கிடையாது போலிருக்கிறது.

அவருடைய சூளைச் சட்டையைக் கும்மிக்கொண்டிருந்தேன். அறையின் ஜன்னல் பின்பக்கம்தான் இருக்கிறது. உள்ளே ஏதோ கீழே விழுகிற சத்தம் கேட்டது. தண்ணீர் பாட்டிலாக இருக்கும் என்று நினைத்தேன். பிறகு அவர் குரல்.

"வுழுந்துட்டேன்."

நான் சட்டையை அலசினேன்.

"வுழுந்துட்டேன். வந்து தூக்கு."

குரல் கொழகொழவென்று இருந்தது. வாயில் முறுக்கைப் போட்டுக்கொண்டு பேசுகிறார் என்று நினைத்தேன். முறுக்கு டப்பாவை முந்தின நாள் அவர் அறையில் நான்தான் வைத்திருந்தேன். குழாய் மாட்ட நேரமில்லை, முறுக்குத் தின்ன நேரமிருக்கிறது என்று உள்ளுக்குள் இன்னும் கொஞ்சம் ஏறியது. மூன்றாவது தடவை குரல் இன்னும் தாழ்ந்து வந்தது.

"இந்தா... வுழுந்துட்டேன்."

அந்த 'இந்தா' என் காதில் நன்றாகக் கேட்டது. இதை எழுதுவதற்குத்தான் இவ்வளவும் எழுதுகிறேன். துணி துவைக்கிற சத்தத்தில் கேட்கவில்லை என்று எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன். பொய். கேட்டது. ஒரு நொடி கை நின்றது. என்னைத்தான் கூப்பிடுகிறாரோ என்று தோன்றியது. உடனே, இல்லை, அந்த வேப்பூர்க்காரருக்குக் குண்டு கொடுக்கிறார், இந்தா புடி தம்பி, என்று என் வயிற்றெரிச்சல் எனக்குச் சொன்னது. நான் ஜன்னலைப் பார்த்து, தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னேன்.

"வுழுந்தா நீங்களே எந்திரிங்க. இங்க யாரும் உங்களத் தூக்க சும்மா குந்திக்கிட்டு இல்ல."

அதற்குப் பிறகு சத்தம் வரவில்லை. சொன்னது உறைத்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். ஒரு திருப்தி கூட இருந்தது. துணியை உதறிக் கொடியில் காயப்போட்டேன். சோறு வடித்தேன். குழம்பு கூட்டினேன். ஒழுகுகிற குழாய்க்கு அடியில் வைத்திருந்த வாளி நிறைந்ததும் அதை எடுத்துச் செடிக்கு ஊற்றினேன். மூடிய கதவை மூன்று தடவை தாண்டிப் போனேன். முறைப்பாக இருக்கிறார், இருக்கட்டும், பசித்தால் தானே வருவார் என்று விட்டுவிட்டேன்.

பன்னிரண்டே கால் மணி இருக்கும். வாசலில் பைக் வந்து நின்றது. இறங்கிய ஆளை நான் பார்த்ததில்லை. பனியன் மேல் சட்டையைப் போட்டு பட்டனைக்கூடச் சரியாக மாட்டவில்லை. இரண்டு முழங்கைக்கும் காய்ந்த மைதா மாவு. எங்கள் மதில் மேல் வரிசையாகப் பதித்திருக்கிற வெள்ளை ஃபியூஸ் கட்டைகளைத் தொட்டுப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். அவை கம்பெனியில் கழித்துப் போட்ட பீங்கான் கட்டைகள்.

"சூளையில வேல பாக்குற அண்ணன் வூடு இதானுங்களா?"

"ஆமா. நீங்க யாரு?"

"வேப்பூருங்க. அண்ணன் எங்க அண்ணி?"

நேரில் பார்க்காத ஆள் என்னை அண்ணி என்கிறார். இந்தக் குரலா அது என்று நான் நின்றேன். வாய் தானாகப் பதில் சொன்னது.

"உள்ள வெளாடிக்கிட்டு இருக்காரு."

"இல்ல அண்ணி. அண்ணன் வெளாடல. வுழுந்துட்டாரு."

"அவரு தெனமும்தான் வுழுவாரு."

"ஐயோ, இல்ல அண்ணி. கேமுல அண்ணன் ஆளு நின்னுக்கிட்டுத்தான் இருந்துது. ஒருத்தனும் சுடல. சொம்மா நின்னுக்கிட்டு இருந்துது. அண்ணன் மட்டும் வுழுந்துட்டேன் வுழுந்துட்டேன்னு சொல்றாரு. நிக்கிற ஆளு எப்பிடி அண்ணி வுழும்?"

கதவைத் தள்ளினோம். முழுவதும் திறக்கவில்லை. அவருடைய கால் தடுத்தது. கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் ஒருக்களித்துக் கிடந்தார். வலது கை உடம்புக்கு அடியில் மாட்டியிருந்தது. வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. வேட்டி நனைந்திருந்தது. ஒரு காதில் இன்னும் இயர்போன் இருந்தது. கண் திறந்திருந்தது. அந்தக் கண் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது. நான் போய் முன்னால் உட்கார்ந்ததும் என் பக்கம் திரும்பியது. முறுக்கு டப்பா அலமாரியில் மூடியபடியே இருந்தது.

வேப்பூர்க்காரரும் பக்கத்து வீட்டு ஆளும் சேர்ந்து தூக்கினார்கள். ஆட்டோவில் வைத்து ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில்தான் மற்றதையெல்லாம் அவர் சொன்னார். சத்தம் கேட்டதும் என் வீட்டுக்காரருடைய போனுக்குத் திரும்பத் திரும்ப அடித்திருக்கிறார். விளையாடும்போது கால் வந்தால் ஆட்டம் கெடுகிறது என்று போன் எதுவும் உள்ளே வராதபடி என் வீட்டுக்காரர் வைத்திருந்தார். இயர்போனுக்குள் கத்திப் பார்த்திருக்கிறார். அது அவர் காதுக்கு மட்டும் கேட்டிருக்கும், வெளியில் எங்கே கேட்கும். ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் பரோட்டாக் கல்லுக்கு வேறு ஆள் பிடித்து நிறுத்திவிட்டு, ஓட்டல் முதலாளியின் பைக்கை வாங்கிக்கொண்டு கிளம்பியிருக்கிறார். வீடு தெரியாது. மதில் மேல் வெள்ளைக் கட்டை பதித்த வீடு என்று என்றைக்கோ பேச்சோடு பேச்சாகச் சொன்னது மட்டும் ஞாபகம். செராமிக் பக்கத்தில் பாதி வீட்டு மதில் அப்படித்தான் இருக்கும். எங்களுக்கு முன்னால் ஏழு வீட்டுக் கதவைத் தட்டியிருக்கிறார்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "எத்தனை மணிக்கு ஆச்சு?"

எனக்குத் தெரியும். சட்டையை அலசும்போது அடுத்த தெருக் கோவிலில் பத்தரைப் பூஜைக்கு மணி அடித்து முடித்திருந்தது. ஆனால் அந்த நேரத்தைச் சொன்னால், நீ எங்கே இருந்தாய் என்பதுதானே அடுத்த கேள்வி. நான் வாயைத் திறந்து, "இப்பதான் சார் பாத்தோம்" என்றேன்.

"பாத்தது இருக்கட்டும்மா. ஆனது எப்போ? நாலரை மணி நேரத்துக்குள்ள இருந்தாத்தான் ரத்தக் கட்டியைக் கரைக்கிற ஊசி போட முடியும். நேரம் தெரியலன்னா போட மாட்டாங்க."

எந்தச் சண்டையிலும் தோற்காத என் வாய் ஒட்டிக்கொண்டது. அந்த ஊசி கிடைக்குமா கிடைக்காதா என்பது என் ஒரு வார்த்தையில் நின்றது. பின்னால் இருந்து வேப்பூர்க்காரர் தன்னுடைய போனை நீட்டினார்.

"பத்து நாப்பது சார். மேட்ச்சு ஆரமிச்ச நேரம் இதுல இருக்குது. ரெண்டு நிமிசத்துல வுழுந்துட்டாரு."

ஸ்கேன் எடுத்து, ஊசி இருக்கிற பெரிய ஆஸ்பத்திரி வெளியூரில்தான் என்று சொல்லி, ஆம்புலன்ஸ் வந்து, ஏற்றி, வழியில் ரயில்வே கேட்டில் நின்று, போய்ச் சேர்ந்தபோது நாலரை மணி நேரம் முடிந்து அரை மணி ஆகியிருந்தது. அங்கே இருந்த டாக்டர் சின்ன வயதுக்காரர். ரொம்பப் பொறுமையாகச் சொன்னார். "கொஞ்சம் முன்னாடி வந்திருந்தா போட்டிருக்கலாம்மா." கொஞ்சம் என்றால் எவ்வளவு என்று எனக்குத் தெரியும். நான் துணி காயப்போட்டு, சோறு வடித்து, குழம்பு கூட்டி, செடிக்குத் தண்ணீர் ஊற்றிய நேரம்.

ஐசியூவுக்கு வெளியே நாற்காலியில் சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தோம். எதிரில் வேறொரு நோயாளிக்குத் துணைக்கு வந்த ஆள் ஒருவர் அதே விளையாட்டை விளையாடிக்கொண்டிருந்தார். அந்தத் துப்பாக்கிச் சத்தம் எனக்கு மனப்பாடம். திடீரென்று அவர், "செத்துட்டேன்டா மச்சான்" என்று சத்தமாகச் சொன்னார். ஐசியூ வாசலில். யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நர்ஸ் கூட நிமிரவில்லை. எனக்கும் கோபம் வரவில்லை. அந்தச் சொல்லை நான் விட்டு வைத்திருந்தால், ஞாயிற்றுக்கிழமை காலையில் 'வுழுந்துட்டேன்' என்கிற சொல் அதன் அர்த்தத்தோடு என் காதுக்கு வந்திருக்கும். கையில் சோப்பு நுரையோடு ஓடியிருப்பேன். பல்லிக்குப் பயந்து ஒரு சொல்லை மூடினேன், அதற்குப் பதிலாக, ஆபத்துக்கு அவரிடம் இருந்த ஒரே சொல்லைத் தேய்த்துப் போட்டேன். தழும்பு தெரியாமல் தேய்ப்பதுதானே எனக்குத் தொழில்.

இருபது நாள் கழித்து வீட்டுக்கு வந்தோம். வலது பக்கம் விளங்கவில்லை. பேச்சு போய்விட்டது. போய்விட்டது என்றால் முழுவதும் இல்லை. இப்படி ஆகிறவர்கள் சிலருக்கு ஒரே ஒரு வார்த்தை மட்டும் நாக்கில் தங்கிவிடுமாம், எதைச் சொல்ல நினைத்தாலும் அதுதான் வருமாம். டாக்டர் சொன்னார். அவருக்குத் தங்கியது எது என்று சொல்ல வேண்டியதில்லை.

தாகம் எடுத்தால் 'வுழுந்துட்டேன்'. ஃபேன் போட வேண்டுமானால் 'வுழுந்துட்டேன்'. ஒன்றுக்கு வந்தாலும் அதுதான், முதுகு அரித்தாலும் அதுதான். என்னைப் பார்த்தும் சொல்வார், சுவரைப் பார்த்தும் சொல்வார். நான் கம்பெனியை விட்டுவிட்டேன். ஒவ்வொரு தடவையும் எழுந்து போகிறேன். அடுப்பில் எது பொங்கினாலும் போகிறேன். சில சமயம் அவருக்கு ஒன்றும் வேண்டியிருக்காது, சும்மா சொல்லியிருப்பார். அப்போதும் போகிறேன். 'இந்தா' மட்டும் வரவே இல்லை. அது திரும்ப வராதா என்று நான் ஏங்கியதும் உண்டு, வந்துவிடப் போகிறதே என்று பயந்ததும் உண்டு.

பார்க்க வந்தவர்கள் எல்லோரும் போனைத்தான் திட்டினார்கள். அவர் பிரஷர் மாத்திரையை வாரக்கணக்கில் போடாமல் விட்டதை டாக்டர் சொன்னார், அது யாருக்கும் நினைவில்லை. "எந்நேரமும் போனு போனுன்னு கெடந்தா இப்பிடித்தான்" என்று தெருவில் அம்மாக்கள் பிள்ளைகளை எங்கள் வாசலுக்கே கூட்டி வந்து காட்டினார்கள். கட்டிலில் கிடந்த மனுஷன் தெருவுக்கே பாடமாகிப் போனார். "ஆமா, அந்த சனியன்தான்" என்று நானும் சொன்னேன். அப்படிச் சொல்வது எனக்குச் சௌகரியமாக இருந்தது. அந்தச் சனியனிலிருந்து வந்த ஒரே ஒரு ஆள் மட்டும்தான் அன்றைக்கு அவர் கூப்பிட்டது கேட்டு எழுந்து ஓடிவந்தார் என்பதை நான் யாருக்கும் சொல்லவில்லை. அவர் இன்றைக்கும் பதினைந்து நாளுக்கு ஒருமுறை வேப்பூரிலிருந்து பஸ் ஏறி வந்து, அண்ணனுக்கு ஷேவிங் செய்துவிட்டுப் போகிறார்.

போன பொங்கலுக்கு மகள் நாலு நாள் லீவில் வந்திருந்தாள். அப்பாவுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தவள், ஸ்பூனைத் துடைத்துக்கொண்டே சாதாரணமாகக் கேட்டாள்.

"அம்மா, அன்னிக்கு அப்பா கூப்புட்டாரா? உனக்கு ஒண்ணுமே கேக்கலியா?"

அவள் என்னைச் சந்தேகப்பட்டுக் கேட்கவில்லை. அவளுக்குத்தான் குற்ற உணர்ச்சி, அந்த விளையாட்டைக் காட்டிக் கொடுத்தது நான்தானே என்று. நான் தண்ணீர் டம்ளரோடு கட்டில் ஓரத்தில் நின்றிருந்தேன்.

"பின்னாடி துணி தொவைச்சிக்கிட்டு இருந்தன்டி. எனக்கு ஒண்ணும் கேக்கல."

அவர் முகம் ஜன்னல் பக்கமாக மெதுவாகத் திரும்பியது. அங்கிருந்து என்னிடம் வந்தது. வாய் இரண்டு தடவை திறந்து மூடியது. நெற்றியில் நரம்பு புடைத்தது.

"இந்தா," என்றார். கொஞ்ச நேரம் விட்டு, அன்றைக்கு விட்ட அதே அளவு நேரம் விட்டு, "வுழுந்துட்டேன்" என்றார்.

மகள் கஞ்சிக் கிண்ணத்தை வைத்துவிட்டு எழுந்தாள். அவள் கண்ணெல்லாம் தண்ணீர். "அம்மா, கேட்டியா? அப்பா புதுசா ஒரு வார்த்த பேசுறாரும்மா. இந்தான்னு சொன்னாரும்மா" என்றாள். அப்பாவின் கன்னத்தைப் பிடித்து, "இன்னொரு வாட்டி சொல்லுப்பா, எங்க, சொல்லு" என்றாள். அவர் மறுபடியும் சொன்னார். அவள் உடனே வேப்பூருக்குப் போன் போட்டு, "அண்ணே, அப்பாவுக்குப் பேச்சு வந்துடுச்சு, இருங்க, ஸ்பீக்கர்ல போடறேன், நீங்களும் கேளுங்க" என்றாள். நான் டம்ளரை நீட்டினேன். அவர் வாங்கவில்லை.